இரண்டாவது ஜாய்ஸ்டிக்

விஜய்ஆனந்திடம் ஒரு டஜன் பொம்மைக் கார் வாங்குவதற்குள் வாங்குகிறவனுக்கு நரை விழுந்துவிடும். சிம்மக்கல்லில் மொத்த விலைக்குப் பொம்மை விற்கும் கடையில் அவன் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறான். திருவிழாவில் கடை போடுகிறவர்களும் ஊர் ஊராகத் தள்ளுவண்டியில் விற்கிறவர்களும் அங்கேதான் சரக்கு எடுப்பார்கள். கடையில் மற்ற ஆட்கள் பெட்டியை அப்படியே பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். இவன் மட்டும் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு காருக்கும் பேட்டரி போட்டுத் தரையில் விட்டுப் பார்ப்பான். ஓடினால் உள்ளே வைப்பான். ஓடாததை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று எடுப்பான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஆட்கள் கத்துவார்கள், முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். இவன் எதையும் காதில் வாங்கமாட்டான்.

எதற்கு இந்தப் பாடு என்று ஒருமுறை நானே கேட்டேன்.

"வேலை செய்யாத சாமானப் பிள்ளை கையில குடுக்கக் கூடாது மாப்ள" என்றான்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்தப் பதிலின் பின்னால் என்ன இருக்கிறது என்பது உலகத்தில் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

என் பெயர் வீரணன். சிம்மக்கல்லில் இருந்து வைகைப் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் டிவி, மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச வருடமாக எனக்கு ஒரு புதுத் தொல்லை. நல்ல வேலையில் இருக்கிறவர்கள், காரை முக்கில் நிறுத்திவிட்டுப் பரணில் கிடந்த பழைய வீடியோ கேமைத் துடைத்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நைன்டீஸ் கிட்ஸாம். சரிசெய்து கொடுத்ததும் அந்த டொய்ங் டொய்ங் சத்தத்தைக் கேட்டுக் கண் கலங்குகிறார்கள். அதையும் போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் பொற்காலம் அண்ணே என்று என்னிடம் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருக்குப் பொற்காலம்? ஒரு தெருவில் ஒரு பிள்ளையின் கையில் வீடியோ கேம் இருந்தது என்றால், பத்துப் பிள்ளைகள் பின்னால் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பத்தில் ஒருவன் நான்.

என் அப்பனும் ஆத்தாளும் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போனவர்கள். ஆறாம் வகுப்புக்கு என்னை மதுரையில் கொண்டுவந்து விடுதியில் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடம் விஜய்க்கு. அவன் வீடு முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்துக்குள். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்குள் அவர்கள் பாஷைதான். அவன் அப்பா லட்சுமிநாராயணன் தறியை விட்டுவிட்டுச் சேலைக் கடையில் வேலை பார்த்தார். அம்மா சாரதாம்பாள். தம்பி சாய்பிரசாத் விஜய்யைவிட ஆறு வயது சின்னவன். அப்போது அவனுக்கு ஐந்து வயது. மூக்கு ஒழுகிக்கொண்டு அண்ணன் சட்டை வாலைப் பிடித்துக்கொண்டே திரிவான். சில வீடுகளில் என்னை வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வீட்டில் அப்படி இல்லை. சாரதாம்பாள் அம்மா என்னையும் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டவர். அதனால்தான் நான் செய்தது இன்னும் உறுத்துகிறது.

அந்த வருடம் தீபாவளிக்கு லட்சுமிநாராயணன் ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தார். அதுவரைக்கும் அண்ணன் தம்பிக்கு இருந்த பொம்மைகள் மூன்று. சித்திரைத் திருவிழாவில் வாங்கிய தகரப் படகு, கண்ணில் வைத்துப் பார்க்கும் பிலிம் பெட்டி, பொட்டு வெடித் துப்பாக்கி. வீடியோ கேம் வந்த அன்றைக்கே மூன்றும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டன. கறுப்புப் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், மஞ்சள் லேபிள் ஒட்டிய ஒரு கேசட். கேசட்டில் கார் ரேஸ். ஒரு நீலக் கார், ஒரு சிவப்புக் கார். இரண்டு பேர் ஆடலாம், ஒரே ஆளும் ஆடலாம். ஒரே ஆள் ஆடினால் நீலக் கார்தான் அவனுக்கு. சிவப்புக் காரை மிஷினே ஓட்டிக்கொள்ளும்.

அவர் ஒரு சட்டமும் போட்டார். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் ஆட வேண்டும். சின்னவனுக்குக் கொடுக்கவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே பெட்டி பரணில் ஏறிவிடும். அந்தச் சட்டத்துக்குப் போலீஸ் சாரதாம்பாள் அம்மா. சாயங்காலம் நாங்கள் டிவி முன்னால் உட்கார்ந்தால், அடுப்படியில் இருந்தபடியே அவர்கள் பாஷையில் கேட்பார்: தம்பிக்குக் கொடுத்தாயா? கொடுத்துட்டேம்மா என்று விஜய் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இது நடக்கும்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கே போய்ச் சேர நாலரை. ஆறு மணிக்குள் விடுதியில் இருக்க வேண்டும். ஜாய்ஸ்டிக் இரண்டு, பிள்ளைகள் இரண்டு. மூன்றாவது ஆளான நான் முதல் ஒரு வாரம் வெறும் கையோடு உட்கார்ந்து பார்த்தேன். எட்டாவது நாள் விஜய்யின் காதில் ஒரு யோசனை சொன்னேன். ஒரே ஆள் ஆடுகிற ஆட்டத்தைப் போடுவோம். சின்னவன் ஜாய்ஸ்டிக்கின் பிளக்கைப் பிடுங்கி டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் போட்டுவிடுவோம். சிவப்புக் கார் உன்னுடையது என்று சொல்லிவிடுவோம். அவன் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருப்பான். நீலக் காரை நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டலாம்.

பிளக்கைப் பிடுங்கியது விஜய். யோசனை என்னுடையது. இதை இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அது நன்றாகவே நடந்தது. நான் இல்லாத நேரத்திலும் விஜய் பிளக்கைத் திரும்பச் செருகவில்லை. சாய் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நாக்கை ஒரு ஓரமாக வெளியே துருத்திக்கொண்டு, கட்டை விரல் வலிக்க அமுக்குவான். சிவப்புக் கார் வளைந்தால் அவனும் வளைவான். அது ஜெயித்தால் எழுந்து நின்று குதிப்பான். அவன் குதிக்கும்போது நானும் விஜய்யும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வாய் கசக்கிறது.

ஒரு நாள் மாட்டிக்கொள்ள இருந்தோம். ஸ்டாண்டுக்குப் பின்னால் போட்டிருந்த பிளக் எப்படியோ இழுபட்டு, பாயில் சாய்க்கு முன்னாலேயே வந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்துச் சாரதாம்பாள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் வந்து எங்கள் தலைக்கு மேல் நின்றார். நாங்கள் திரையைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை. அண்ணன் கொடுத்தானா என்று இந்தத் தடவை சின்னவனிடமே கேட்டார். அவனும் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "கொடுத்துட்டான், நான்தான் ஜெயிக்கிறேன்" என்று அவர்கள் பாஷையில் சொன்னான். அவன் தலையைத் தடவிவிட்டு அம்மா போய்விட்டார். பிறகு நான் பார்த்தபோது பாயில் பிளக்கைக் காணோம். தப்பித்தோம் என்ற நிம்மதியில் அது எங்கே போனது என்று நான் யோசிக்கவில்லை. அடுத்த முறை என்னுடையது.

மூன்று வருடத்தில் பெட்டி கெட்டுப்போனது. பழைய சாமானுக்கு வெங்காயம் கொடுக்கிற வண்டிக்காரனிடம் அதைப் போட்டு இரண்டு கிலோ வெங்காயம் வாங்கினார்கள். கேசட்டை மட்டும் விஜய் எடுத்து அந்த பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தான்.

விஜய் பன்னிரண்டாவது படிக்கும்போது லட்சுமிநாராயணன் இறந்துபோனார். விஜய் அதோடு படிப்பை விட்டுவிட்டுப் பொம்மைக் கடையில் சேர்ந்தான். தம்பியைப் படிக்கவைக்கத் தலைகீழாக நின்றான். சாய்க்குப் படிப்பு ஏறவில்லை, வண்டி ஏறியது. பதினெட்டு முடிந்த கையோடு லைசென்ஸ் எடுத்து டிராவல்ஸில் டிரைவராகப் போய்விட்டான். விஜய்க்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள், தள்ளிப்போனது, அப்படியே நின்றும் போனது. தம்பிக்குத்தான் கல்யாணம் செய்துவைத்தான். பெண் காவ்யஸ்ரீ, தங்கமான பிள்ளை.

சாய் வாய் ஓயாத ஆள். அவன் வண்டியில் ஏறுகிற யாரும் ஒரு கதையைக் கேட்காமல் இறங்க முடியாது. "அஞ்சு வயசுலயே எங்கண்ணனைக் கார் ரேஸ்ல தோக்கடிச்சவன் நான்" என்பான். கல்யாண மேடையில் மாலையும் கழுத்துமாக நிற்கும்போதும் காவ்யஸ்ரீயிடம் அதைத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தான். ஒவ்வொரு தடவையும் விஜய்யின் முகம் சுருங்கிப்போகும். சொல்லிவிடட்டுமா என்று என்னிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான். சந்தோஷமாக இருக்கிறான், அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று நான்தான் தடுத்துவந்தேன். ஆனால் அது அவனுக்குள் முள்ளாகவே இருந்தது. கடையில் ஒவ்வொரு காரையும் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தது அதனால்தான்.

போன ஆடி மாதம், ராஜபாளையத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வரும்போது டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் சாய் வண்டி கவிழ்ந்தது. மாடு குறுக்கே வந்தது என்றார்கள், வேகம் என்றும் சொன்னார்கள். தலையில் அடி. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இடது கையும் காலும் வரவில்லை. பேச்சு ஒரு சொல்கூட இல்லை. கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. பெற்றவளையும் தெரியவில்லை, கட்டியவளையும் தெரியவில்லை, தூக்கி வளர்த்த அண்ணனையும் தெரியவில்லை.

பழகிய பழைய விஷயங்களைக் காட்டிப் பாருங்கள் என்று வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள். காவ்யஸ்ரீ கல்யாண ஆல்பத்தைக் காட்டினாள், போனில் இருந்த வீடியோக்களைப் போட்டாள், வண்டிச் சாவியைக் கையில் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவள் விஜய்யிடம் ஒரு கேள்வி கேட்டாள். சின்ன வயசைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரே கதைதான், அண்ணனைத் தோற்கடித்த அந்தக் கார் ரேஸ் இப்போது கிடைக்குமா என்று.

அன்றைக்கே விஜய் பிஸ்கட் டின்னோடு என் கடைக்கு வந்தான். தகரப் படகு துருப்பிடித்திருந்தது. பிலிம் பெட்டிக்குக் கண்ணாடி இல்லை. மஞ்சள் லேபிள் கேசட் மட்டும் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது.

"பெட்டி எங்கிட்டாச்சும் கெடைக்குமா வீரணா?"

"தேடிப் பாப்போம்."

"இந்தத் தடவ ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் ஓடணும். செகப்புக் கார அவன் நெசமாவே ஒருக்கா ஓட்டணும். அம்புட்டுத்தான். என்னைய அண்ணன்னு கூப்புடாட்டியும் பரவால்ல."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். "நாந்தான்டா அவனுக்கு வண்டி ஓட்ட வரும்னு நம்ப வச்சேன்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினாறு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன், மாடு குறுக்கே வந்ததற்கும் அந்தக் கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று திட்டினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

சிம்மக்கல் பழைய சாமான் கடைகளில் மூன்று வாரம் அலைந்து ஒரு பெட்டியைப் பிடித்தேன். உள்ளே கரப்பான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. சுத்தம் செய்தேன். இரண்டாவது ஜாய்ஸ்டிக் செருகும் இடத்தில் பின்கள் பச்சை பூத்துப் போயிருந்தன, ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். கேசட்டின் பற்களை ரப்பர் வைத்துத் தேய்த்தேன். சாய்க்கு வலது கைதான் உண்டு என்பதால் அவன் ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து வயர்களை மாற்றி ஈயம் வைத்தேன். வலது கட்டை விரலாலேயே இரண்டு பக்கமும் திருப்பலாம். ஆக்சிலேட்டரை அமுக்க வேண்டியதில்லை, கார் தானாகவே முன்னால் போகும். எல்லாம் முடிந்ததும் இரண்டு பேர் ஆட்டத்தைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சிவப்புக் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. அந்தக் கேசட்டில் சிவப்புக் காரைக் கடைசியாக எப்போது ஒரு மனுஷக் கை ஓட்டியது என்று யோசித்தேன். சாய் ஓட்டிய அந்த முதல் ஒரு வாரத்துக்கு அப்புறம் இப்போதுதான். அதுவும் என் கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கடையில் இருந்த பழைய டப்பா டிவியையும் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். சாயைப் பாயில் உட்காரவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தோம். இடது காலை விஜய் தன் கையாலேயே மடக்கி வைத்தான். சப்பணம் மாதிரி வந்தது. இரண்டு பேர் ஆட்டத்தைப் போட்டேன். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் பிளக் பெட்டியில் இறுக்கமாகச் செருகியிருக்கிறதா என்று விஜய் நான்கு தடவை அமுக்கிப் பார்த்தான். பிறகு ஜாய்ஸ்டிக்கைத் தம்பியின் மடியில் வைத்து, வலது கட்டை விரலை எடுத்துப் பொத்தான்மேல் வைத்தான். கார்கள் கிளம்பின.

சாய் திரையைப் பார்த்தான். ஐந்து மாதத்தில் அவன் ஒன்றைப் பார்ப்பதை அன்றைக்குத்தான் பார்த்தோம். காவ்யஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் விரல் அசையவில்லை. சிவப்புக் கார் நேராகப் போய் ஓரத்தில் முட்டிக்கொண்டே இருந்தது. ஓட்டுடா, ஓட்டுடா என்று விஜய் கெஞ்சினான். ஒரு ஆட்டம் முடிந்து இன்னொன்று போட்டோம். அப்படியேதான் இருந்தது.

அப்போது அடுப்படியில் இருந்து சாரதாம்பாள் அம்மா, அந்த டொய்ங் டொய்ங் சத்தம் கேட்ட பழக்கத்திலோ என்னவோ, முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தக் கேள்வியைக் கேட்டார். தம்பிக்குக் கொடுத்தாயா?

சாயின் வலது கை ஜாய்ஸ்டிக்கை விட்டது. வயரைப் பிடித்தது. மெதுவாக வயரோடு ஊர்ந்து பெட்டிவரைக்கும் போனது. பிளக்கைப் பிடித்து ஒரு இழு இழுத்தது. திரையில் சிவப்புக் கார் நின்றுபோனது. கை பிளக்கைக் கொண்டுவந்து தொடைக்கு அடியில் தள்ளி மறைத்தது. பிறகு ஜாய்ஸ்டிக்குக்குத் திரும்பிப் போய்ப் பொத்தானை அமுக்கத் தொடங்கியது. டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கோணிய வாயால், ஐந்து மாதத்தில் முதல் பேச்சாக அவன் சொன்னான்: "கொடுத்துட்டான். நான்தான் ஜெயிக்கிறேன்."

வீடே அழுதது. பிள்ளை பேசிவிட்டான் என்று அம்மா ஓடிவந்து அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டார். காவ்யஸ்ரீ போனை எடுத்து ஊர் முழுக்கச் சொன்னாள். விஜய் மட்டும் தம்பியின் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பாயில் கிடந்த பிளக் எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து வயதில் தெரிந்திருக்கிறது. வெறும் ஜாய்ஸ்டிக் என்று தெரிந்தே நாக்கைத் துருத்திக்கொண்டு அமுக்கியிருக்கிறான், தெரிந்தே குதித்திருக்கிறான். அம்மா பார்த்தால் பெட்டி பரணில் ஏறும், அண்ணனுக்கு அடி விழும், அண்ணன் பக்கத்தில் உட்கார முடியாது. நாங்கள் அந்தப் பிள்ளையை ஏமாற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கல்யாண மேடையில் அடித்த கண் எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது.

விஜய் தம்பியின் தோளைப் பிடித்து அவர்கள் பாஷையில் கேட்டான். இத்தனை வருடத்தில் அந்த அளவுக்கு எனக்கும் அந்தப் பாஷை தெரியும். "உனக்கு எப்பயிருந்துடா தெரியும்?" என்றுதான் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். சாய் நின்றுபோன சிவப்புக் காரைப் பார்த்தபடி அமுக்கிக்கொண்டிருந்தான். பதில் சொல்ல அவனுக்குள் ஆள் இல்லை.

அம்மாவும் காவ்யஸ்ரீயும் ஒரு மாதம் நம்பிக்கையோடு இருந்தார்கள். வேறு சொல் வரவில்லை. அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டால் அந்த இரண்டு வாக்கியம் வரும், அவ்வளவுதான். அது பழக்கத்தில் வருகிறது, இதை வைத்து ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்று பயிற்சி கொடுக்கும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

விஜய் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பி பேசாவிட்டால் போகட்டும், சிவப்புக் காரை ஒரு தடவை ஓட்டட்டும் என்று தினமும் பிளக்கைச் செருகினான். அம்மா கேட்காவிட்டால் சாய் சிலையாக உட்கார்ந்திருப்பான். கேட்டால் கை உயிர் பெற்று, முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கும். பிடுங்கிய பிறகுதான் விரல் அசையும். இப்படியே இரண்டு வாரம் போனது. அதற்குப் பிறகு விஜய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். பிடுங்கவே முடியாதபடி செய்து கொடு என்றான். எனக்கு மனசே இல்லை. ஆனாலும் பெட்டியைத் திறந்து, இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் வயரை உள்ளே கொண்டுபோய் நேராக ஈயம் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் நானும் கூடப் போனேன். அம்மா கேட்டார். சாயின் கை வயரோடு ஊர்ந்து போனது, இழுத்தது. வரவில்லை. மறுபடி இழுத்தது. பெட்டியே இழுபட்டுப் பாய்மேல் வந்து விழுந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கண் முதல்முறையாக டிவியை விட்டு அடுப்படி வாசலைப் பார்த்தது. அதில் இருந்த பயம் ஐந்து வயதுப் பிள்ளையின் பயம். முப்பத்துநான்கு வயது ஆள், முன்தலையில் தையல் தழும்போடு, உதடு பிதுங்கிக் கேவிக் கேவி அழத் தொடங்கினான். விஜய் வயரின்மேல் தன் கையை வைத்து மறைத்தான். பரவாயில்லைடா, அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள், இனிமேல் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அழுகை நிற்கவில்லை.

"வெட்டிரு வீரணா" என்றான் விஜய்.

என் பையில் கட்டர் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் வயரை வெட்டினேன். வெட்டிய முனையைச் சாயின் கையில் கொடுத்தேன். அவன் அதைத் தொடைக்கு அடியில் தள்ளினான். அழுகை நின்றது. விரல் அமுக்கத் தொடங்கியது. விஜய் ஒரே ஆள் ஆடுகிற ஆட்டத்தைப் போட்டு, தன் நீலக் காரை ஓரத்தில் முட்டவிட்டு, அப்படியே வைத்திருந்தான். சிவப்புக் காரை மிஷின் ஓட்டிக்கொண்டு போய் ஜெயித்தது. சாய் பாதி வாயால் சிரித்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன யோசனை அப்படியே, ஒரு மாற்றமும் இல்லாமல், என் கண் முன்னால் மறுபடி நடந்துகொண்டிருந்தது.

இப்போது தினமும் சாயங்காலம் அதுதான் நடக்கிறது. அம்மா கேட்பார், சாய் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்வான், விஜய் தோற்பான். அந்த முதல் ஒரு வாரத்துக்குப் பிறகு சிவப்புக் காரை சாய்பிரசாத் ஓட்டவே இல்லை. இனி ஓட்டவும் போவதில்லை.

போன வாரம் ஒரு வேலையாகப் பொம்மைக் கடைப் பக்கம் போனேன். சோழவந்தானில் திருவிழாக் கடை போடும் ராமக்காள் மூன்று டஜன் பேட்டரி கார் கேட்டு நின்றிருந்தாள். விஜய் பெட்டிகளை எடுத்தான், பையில் போட்டான், முடிச்சுப் போட்டு நீட்டினான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இப்போதெல்லாம் நல்ல சுறுசுறுப்பு என்று முதலாளி என்னிடம் பாராட்டிச் சொன்னார். அவள் போன பிறகு நான் அவன் அருகில் போய், ஓட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

அடுத்த பெட்டியை எடுக்கக் குனிந்தவன் நிமிராமலேயே பதில் சொன்னான்.

"ஓடலன்னாலும் பிள்ளைக சொல்லாதுக வீரணா."